ஓட்டோ கியர் ஒயில்: எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது, ஏன் இவ்வளவு பயம்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் ஓடிய கார்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து வயது கூடிவிட்டது. புதிதாக வந்தவற்றின் விலையைக் கேட்ட பிறகு, இருப்பதையே இன்னும் பத்து வருடம் ஓட்டுவோம் என்று முடிவெடுத்த வீடுகள் பல. அப்படி ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய விட்ஸ், வாகன் ஆர், அக்குவா, அலியன் எல்லாம் ஒருநாள் கராஜுக்குப் போகும்போது ஒரே கேள்வி எழுகிறது: கியர் பொக்ஸ் ஒயிலை மாற்ற வேண்டுமா?

மூன்று விதமான பதில் கிடைக்கும். “அது வாழ்நாள் ஒயில், கை வைக்கவே தேவையில்லை.” “இவ்வளவு நாள் மாத்தாமல் விட்டிட்டு இப்ப மாத்தினால் கியர் பொக்ஸ் போயிடும் அண்ணை.” “ஒவ்வொரு பெரிய சேர்விசுக்கும் மாத்துங்கோ.” மூன்றும் முழுப் பொய் அல்ல, முழு உண்மையும் அல்ல. எது எங்கே பொருந்தும் என்று பிரித்தறிய, இந்த ஒயில் உள்ளே என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## ஒயில் இங்கே ஒரு பாகம்

எஞ்சினில் ஒயிலின் முதல் வேலை உராய்வைக் குறைப்பது. மனுவல் கியர் பொக்சிலும் அப்படியே. ஓட்டோ பொக்சில் கதை வேறு. கடைகளில் ஏ.ரி.எஃப் என்று கேட்டு வாங்கும் இந்த ஒயில் நான்கு வேலைகளை ஒரே நேரத்தில் செய்கிறது.

1. சக்தியைக் கடத்துகிறது. எஞ்சினுக்கும் கியர்களுக்கும் நடுவில் டோர்க் கன்வேர்ட்டர் என்ற, பூசணிக்காய் போன்ற உருண்டை ஒன்று இருக்கிறது. அதற்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றை எஞ்சின் சுற்றுகிறது. அது தள்ளிவிடும் ஒயில் மற்றதைச் சுற்றுகிறது. பிரேக்கை மிதித்து டி-யில் நிற்கும்போது எஞ்சின் நின்றுபோகாமல் இருப்பது இதனால்தான்.

2. கியரை மாற்றுகிறது. உள்ளே ஒரு பம்ப் ஒயிலை அழுத்துகிறது. வால்வு பொடி என்ற அலுமினியப் பாளத்தில் சிறிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. கணினி எந்த மதகைத் திறக்கிறதோ அந்த வாய்க்காலால் அழுத்தம் பாய்ந்து, அதற்குரிய கிளச்சை இறுக்கும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. வாய்க்காலில் சேறு படிந்தால் கடைசி வரவைக்குத் தண்ணீர் போய்ச் சேராது. இங்கேயும் அதேதான் நடக்கிறது.

3. வழுக்கவும் பிடிக்கவும் செய்கிறது. கியர்ப் பற்களுக்கு அது வழுக்க வேண்டும். கிளச்சுத் தட்டுகளுக்கு, அதே ஒயிலில் ஊறியபடியே, அளவான பிடி வேண்டும். பிடி கூடினால் உதறும், குறைந்தால் நழுவும். இந்த நடுநிலையை உண்டாக்குவதற்கென்றே ஒயிலில் சில சேர்மங்களைக் கலக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்த வேலையைச் செய்தது ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது தடைப்பட்ட பிறகு, செயற்கை மாற்றுகளைத் தேடி உற்பத்தியாளர்கள் பட்ட பாடு சிறியதல்ல. ஒயிலுக்குள் இருக்கும் ஒரு சிட்டிகைச் சேர்மம் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

4. சூட்டை எடுத்துச் செல்கிறது. உள்ளே உருவாகும் வெப்பத்தை வாங்கி, ரேடியேற்றரோடு சேர்ந்த கூலருக்குக் கொண்டுபோய் விடுகிறது.

எஞ்சினில் எரிபொருள் எரிவதால் கரி சேர்ந்து ஒயில் சீக்கிரம் கறுக்கும். கியர் பொக்சுக்குள் எதுவும் எரிவதில்லை. அதனால்தான் இந்த ஒயில் நீண்ட காலம் தாங்குகிறது. ஆனாலும் இதற்கு இரண்டு எதிரிகள் உண்டு: கிளச்சுத் தட்டிலிருந்து உதிரும் நுண்துகள், வெப்பம். வெப்பம் ஏறக்குறைய 10 பாகை கூடினால் ஒயில் கெடும் வேகம் இரண்டு மடங்காகும் என்பது பொறியியலாளர்கள் கையாளும் ஒரு கைக்கணக்கு. சூட்டைத் தாங்கித் தாங்கிச் சேர்மங்கள் செத்துவிட்டால், ஒயில் அளவில் குறையாமலேயே வேலையில் குறைந்துவிடும்.

## உங்களிடம் இருப்பது எந்த ஓட்டோ?

கிளச்சுப் பெடல் இல்லாத எல்லாவற்றையும் நாம் ஓட்டோ என்கிறோம். உள்ளே திறந்து பார்த்தால் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள்.

வழமையான ஓட்டோ. டோர்க் கன்வேர்ட்டரும் நாலைந்து கியர்களும் உள்ளவை. பழைய கொரோலா 121, கே.டி.எச் ஹையேஸ் வான்கள் இந்த வகை. ஏ.ரி.எஃப் ஊற்ற வேண்டும்.

சீ.வி.ரி. கியர்ப் பற்களுக்குப் பதிலாக இரண்டு கூம்புச் சக்கரங்களும், அவற்றின் நடுவே உருக்குப் பட்டி ஒன்றும் இருக்கும். விட்ஸ், புதிய அலியன், வாகன் ஆர், நிசான் எக்ஸ்-ட்ரெயில் போன்றவற்றில் பெரும்பாலும் இதுதான். இதற்குச் சீ.வி.ரி ஒயில் மட்டும்தான். உருக்கு உருக்கைப் பிடித்து இழுக்கும் இந்த இடத்தில் சாதாரண ஏ.ரி.எஃப்பை ஊற்றினால் பட்டி நழுவும். நழுவிய பட்டி சக்கரத்தின் முகத்தைக் கீறும். அந்தக் கீறலை எந்த ஒயிலாலும் மாற்ற முடியாது.

டொயோட்டா ஹைபிரிட். பிரியஸ், அக்குவா. இவற்றையும் சீ.வி.ரி என்றே எழுதுவார்கள், ஆனால் பட்டியும் கிடையாது, டோர்க் கன்வேர்ட்டரும் கிடையாது. பிளானட்டரி கியர் ஒன்றும் (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் ஓடும் அமைப்பு) இரண்டு மின்மோட்டர்களும்தான். ஊற்றுவது டொயோட்டா டபிள்யூ.எஸ் என்ற ஏ.ரி.எஃப். பெயரைப் பார்த்துவிட்டு இதற்குச் சீ.வி.ரி ஒயிலை ஊற்றும் தவறு நடக்கக்கூடியது, கவனம்.

தானாக மாறும் மனுவல். அல்ட்டோவின் ஏ.ஜி.எஸ் உள்ளே ஒரு மனுவல் பொக்ஸ்தான். கிளச்சையும் கியரையும் மனிதக் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு ஹைட்ரோலிக் கருவி இயக்குகிறது. கியருக்கு மனுவல் கியர் ஒயில், கருவிக்குத் தனி ஒயில். ஹொண்டா பிட், வெசல் ஹைபிரிட்டுகளில் வந்த ஏழு கியர் இரட்டைக் கிளச்சுப் பொக்சும் தனி இனம். அதற்குக் கையேட்டில் எழுதியிருப்பதைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

கீழே வரும் பெரும்பகுதி முதல் இரண்டு வகைகளுக்கானது. ஹைபிரிட் பற்றி இடையிடையே சொல்கிறேன்.

## “வாழ்நாள்” என்றால் யாருடைய வாழ்நாள்?

பல கையேடுகளில் ஒயில் மாற்றும் தூரம் எழுதப்பட்டிருக்காது, அல்லது ‘சோதிக்கவும்’ என்று மட்டும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் “வாழ்நாள் ஒயில்” என்கிறார்கள். யப்பானில் ஒரு புதுக் காருக்கு மூன்று வருடம் முடியும்போதும், அதன்பின் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதன் செலவுக்குப் பயந்தே நல்ல நிலையில் உள்ள காரை விற்றுவிடுவார்கள். அப்படி விற்றதுதான் நமக்கு ரீகண்டிஷன் என்று வருகிறது. முதல் உரிமையாளரின் கையில் இருந்த காலத்துக்கு அந்த ஒயில் தாராளமாகப் போதும். அவருக்குப் பிறகு அது கிளிநொச்சியில் பதினைந்து வருடம் ஓடும் என்று எண்ணி யாரும் கையேடு எழுதவில்லை.

இன்னொன்று. அதே கையேட்டின் பின்பக்கங்களில் ‘கடுமையான பாவனை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். தூசி வீதி, அதிக வெப்பம், முழுப் பாரம், குறுகிய ஓட்டங்கள், சேறு. அந்தப் பட்டியலுக்குள் அகப்படும் வாகனத்துக்கு மாற்றும் தூரம் குறையும். பட்டியலை வாசித்தால் வன்னியைப் பார்த்துத்தான் எழுதினார்களோ என்று தோன்றும்.

ஆனால் இங்கே ஒரு திருத்தம் தேவை. ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை மணிக்கு 70 கிலோமீற்றரில் சீராக ஓடுவது கியர் பொக்சுக்குச் சுகமான வேலை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. டோர்க் கன்வேர்ட்டரின் இரண்டு விசிறிகளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், நழுவல் இல்லை, சூடும் இல்லை. கொழும்பு நெரிசலில் தினமும் ஊரும் காரைவிட இந்தக் காரின் ஒயில் நல்ல நிலையில் இருந்தால் ஆச்சரியமில்லை. தொல்லை தொடங்குவது பெரிய வீதியை விட்டு இறங்கிய பிறகு.

மாரியில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வயல் வீதியில் கார் புதைகிறது என்று வையுங்கள். டி-யில் போட்டு மிதிக்கிறீர்கள், ஆர்-ஐப் போட்டு மிதிக்கிறீர்கள், மறுபடி டி. எஞ்சின் தன் பலத்தை டோர்க் கன்வேர்ட்டருக்குள் கொட்டுகிறது. சக்கரம் நகரவில்லை. அந்தப் பலம் எங்கே போகும்? பெரும்பகுதி ஒயிலில் சூடாக இறங்கும். கார் நகராததால் ரேடியேற்றருக்கு எதிர்க் காற்றும் இல்லை. பத்து நிமிடம் இப்படிப் போராடுவது, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நேர் ஓட்டத்தைவிட ஒயிலுக்குக் கேடு. இறங்கி ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளுவது மலிவு.

அடுத்தது தூசியும் பதரும். காலபோக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச்சில் வீதியோரம் நெல் காயும், வெட்டு மெசின் போகும். அந்தப் பதரும் கிரவல் தூசியும் ரேடியேற்றரின் இதழ்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் சூடு காட்டும் முள் அசையாமல் இருக்கும்போதே கியர் ஒயில் வழமையைவிடச் சூடாக ஓடிக்கொண்டிருக்கலாம். ஒயில் மாற்றுவதைப் பற்றி யோசிக்கும் முன், முன்பக்கத்தைத் திறந்து மெல்லிய தண்ணீர் வேகத்தில் ரேடியேற்றரைக் கழுவுங்கள். பிரஷர் வோஷை நேராகப் பிடித்தால் இதழ்கள் மடங்கிவிடும்.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் ஹையேஸ் வான்கள் தனிக் கணக்கு. முழுப் பாரம், ஏசி, 35 பாகை வெயில், வாசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வரிசை. ஒரு வான் ஒரு வாரத்தில் படும் பாட்டை, வீட்டுக் கார் ஒரு வருடத்திலும் படாது.

## சரி, எத்தனை கிலோமீற்றரில்?

கையேட்டில் தூரம் இருந்தால் அதுவே முதற் சொல். இல்லாத இடத்தில், நம் வீதிகளுக்கு நான் சொல்லும் கணக்கு இது:

- சீ.வி.ரி: 40,000 கிலோமீற்றர், அதிகம் போனால் 50,000.
- வழமையான ஓட்டோ: 50,000 முதல் 60,000. வாடகை வானுக்கு 40,000.
- டொயோட்டா ஹைபிரிட்: 80,000 முதல் 100,000. நழுவும் கிளச்சு உள்ளே இல்லாததால் ஒயில் மெல்லத்தான் கெடும். ஆனால் வடித்து ஊற்றுவது இதில்தான் மிக எளிது, அதனால் தள்ளிப்போடக் காரணமும் இல்லை.

ரீகண்டிஷனாக வாங்கிய காரில் மீற்றர் காட்டும் இலக்கத்தை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மீற்றரைக் குறைப்பது இந்த வியாபாரத்தின் பழைய வியாதி. ஒயிலை நேரில் பார்ப்பதுதான் வழி.

ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக் உள்ள வாகனம் என்றால் அதை இழுத்து ஒரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விடுங்கள். புது ஏ.ரி.எஃப் நெக்டோ நிறத்தில், ஒளி ஊடுருவும்படி இருக்கும். சில நிமிடம் கழித்துப் பாருங்கள். சொட்டு பரவி விளிம்பில் மெல்லிய செம்மை தெரிந்தால் நல்லது. தேயிலைச் சாயம் போலக் கபிலமாகிப் பரவினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பரவாமல் நடுவில் கறுப்பாகக் குந்தியிருந்தால் உள்ளே துகள் நிறைய இருக்கிறது. பிறகு முகர்ந்து பாருங்கள். அடிப்பிடித்த வாசம் வந்தால் கிளச்சுத் தட்டு எரிந்திருக்கிறது, அது ஒயிலோடு முடியும் பிரச்சினை அல்ல. சீ.வி.ரி ஒயில்களின் நிறம் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும் என்பதால், அவற்றில் சிவப்பைத் தேட வேண்டாம். தெளிவையும் வாசத்தையும் பாருங்கள்.

## மாற்றினால் பொக்ஸ் போய்விடுமா?

இந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் நடப்பது இப்படி. ஒரு கார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஒயில் மாற்றாமல் ஓடுகிறது. காலையில் டி-யில் போட்டால் இரண்டு வினாடி யோசித்துவிட்டு அசைகிறது. வேகமெடுக்கையில் எஞ்சின் கத்துகிறது, கார் ஏறவில்லை. அப்போதுதான் உரிமையாளர் ஓடிவந்து ஒயிலை மாற்றச் சொல்கிறார். மாற்றிய பத்தாம் நாள் கார் நிற்கிறது. ஊரில் பரவும் செய்தி: ஒயில் மாற்றினான், பொக்ஸ் போனது. உண்மையில் தட்டு ஏற்கெனவே தேய்ந்து முடிந்திருந்தது. சாகக் கிடந்தவருக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்தவன் மேல் பழி விழுந்த கதை.

ஆனாலும் மிச்சம் ஒரு உண்மை இருக்கிறது. தேய்ந்த தட்டுகள் உள்ள பொக்சில், ஒயிலில் மிதக்கும் துகள்களே கொஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். புது ஒயிலில் உள்ள சுத்திகரிப்புச் சேர்மங்கள் மூலையில் படிந்த கசடைக் கிளப்பி வால்வு பொடியின் வாய்க்கால்களுக்குக் கொண்டுபோகலாம். மெசின் பூட்டி அழுத்தத்தில் முழுதாகக் கழுவித் தள்ளும் ‘ஃபிளஷ்’ முறையில் இந்த ஆபத்து கூடுதல். மாற்றாமல் ஓடிய பழைய பொக்சுக்கு அந்த மெசினை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதில், வடித்து ஊற்றுவது. கீழே உள்ள நட்டைக் கழற்றினால் முழு ஒயிலும் வராது. டோர்க் கன்வேர்ட்டரிலும் குழாய்களிலும் பாதிக்கு மேல் தங்கிவிடும். இதைக் குறை என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பொக்சுக்கு அதுவே பாதுகாப்பு. மொத்தம் 8 லீற்றர் கொள்ளும் பொக்சில் ஒரு முறைக்கு 3.5 லீற்றர் வடிகிறது என்று வையுங்கள்:

1. முதல் முறைக்குப் பின் பழைய ஒயில் மிஞ்சுவது 56 வீதம்.
2. இரண்டாம் முறைக்குப் பின் 32 வீதம்.
3. மூன்றாம் முறைக்குப் பின் 18 வீதம்.

ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடுங்கள். பொக்ஸ் மெல்லமெல்லப் புது ஒயிலுக்குப் பழகும். ஒயில் கபிலமாக இருந்தும் நழுவலோ எரிந்த வாசமோ இல்லாத காருக்கு இது நன்றாகப் பொருந்தும். எரிந்த வாசமும் நழுவலும் சேர்ந்தே இருந்தால் ஒயிலுக்குக் காசு செலவழிப்பதற்கு முன், பொக்சைத் திறந்து பார்க்கும் செலவைக் கேட்டுவையுங்கள்.

## கானில் எழுதியிருக்கும் பெயர்

மாற்றலாமா என்ற விவாதத்தில் செலவாகும் நேரத்தில் கால்வாசியை, எதை ஊற்றுவது என்பதற்குக் கொடுத்தால் பல பொக்ஸ்கள் தப்பும். டொயோட்டாவில் ரி-4 என்ற பழைய ஏ.ரி.எஃப் வேறு, டபிள்யூ.எஸ் வேறு. பின்னது நீர்த்தது. ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல என்று கம்பனியே சொல்கிறது. டொயோட்டா சீ.வி.ரிக்கு ரி.சி என்றும் எஃப்.ஈ என்றும் இரண்டு. நிசானுக்கு என்.எஸ்-2, என்.எஸ்-3. சுசுகிக்கு கிரீன்-1, கிரீன்-2. ஹொண்டாவில் பழைய சீ.வி.ரிக்கு எச்.எம்.எம்.எஃப், புதியதற்கு எச்.சி.எஃப்-2, வழமையான ஓட்டோவுக்கு டி.டபிள்யூ-1. ஒரே மாடல் பெயரில் வருடம் மாறினால் ஒயிலும் மாறும். “விட்சுக்கு ஒயில் தாங்கோ” என்று கேட்டால் போதாது. கையேடு, டிப் ஸ்டிக்கின் தலை, பொக்சின் மேல் ஒட்டிய தாள் இவற்றில் ஒன்றிலாவது பெயர் இருக்கும். யப்பானிய மொழியில் இருந்தால் கைத்தொலைபேசியால் படமெடுத்து மொழிபெயர்க்கலாம். சேசிஸ் இலக்கத்தைக் கொண்டுபோய் உதிரிப்பாகக் கடையில் தேடிப் பார்ப்பது இன்னும் உறுதி.

எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கும் ‘மல்டி’ ஒயில்? பழைய நாலு கியர் ஓட்டோவுக்கு, நம்பகமான தயாரிப்பாளர் உங்கள் ஒயிலின் பெயரை லேபலில் அச்சடித்திருந்தால், ஊற்றலாம். சீ.வி.ரிக்கு வேண்டாம். கிளிநொச்சியில் இல்லாவிட்டால் வவுனியாவில், அங்கும் இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தில். இரண்டு நாள் காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது. மூடியின் சீல் உடைந்த கானை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

## மாற்றும் முறை

நீங்களே செய்தாலும், கராஜில் நின்று பார்த்தாலும் வரிசை ஒன்றுதான்.

1. பத்து நிமிடம் ஓடி ஒயிலை இளஞ்சூடாக்குங்கள். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும்.

2. வாகனம் மட்டமாக நிற்க வேண்டும். நான்கு பக்கமும் ஸ்ராண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். மணல் தரையில் ஜக் புதையும்.

3. ஊற்றும் வாயை முதலில் திறந்து பாருங்கள். கீழே வடித்துவிட்டு, மேலே நட்டு இறுகிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தால் கார் அந்த இடத்தைவிட்டு அசையாது.

4. வடிக்கும் நட்டு எது என்று உறுதிசெய்யுங்கள். எஞ்சின் ஒயில் என்று நினைத்துக் கியர் ஒயிலை வடித்துவிட்டு, நிறைந்திருக்கும் எஞ்சினுக்குள் இன்னும் நாலு லீற்றரை ஊற்றுவது கராஜ்களில் நடக்கும் தவறு. முதலில் வருவது சிவப்பா கறுப்பா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

5. டிப் ஸ்டிக் இல்லாத சில டொயோட்டாக்களில், நட்டைக் கழற்றினால் கொஞ்சம் வடிந்துவிட்டு நின்றுவிடும். உள்ளே மட்டம் பார்க்கும் சிறு குழாய் ஒன்று நிற்கிறது. அதை அலன் கீயால் கழற்றினால்தான் மிச்சம் வரும். இது தெரியாமல் “இதில் ஒரு லீற்றர்தான் இருக்கு” என்று மூடிவிடுகிறவர்கள் உண்டு.

6. வடிந்ததை ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்து வையுங்கள். எவ்வளவு வந்ததோ அவ்வளவையே திருப்பி ஊற்ற வேண்டும்.

7. கீழ்த் தட்டைக் கழற்றுவதாக இருந்தால் அதிலுள்ள காந்தத்தைப் பாருங்கள். ஈரத் திருநீறு குழைத்தது போலச் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது வழமையான தேய்மானம். விரலால் தேய்த்துப் பாருங்கள், நரநரப்பு இருக்காது. ஊசி முனை போல மின்னும் துண்டுகள் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தி யோசிக்க வேண்டும். காந்தத்தைத் துடைத்து இருந்த இடத்திலேயே வையுங்கள். ஃபில்டரும் கேஸ்கட்டும் புதிது. தட்டின் நட்டுகள் மிகச் சிறியவை, குறுக்காக மாறிமாறி, கையளவு பலத்தில் இறுக்குங்கள். இங்கே பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை போய்விடும்.

8. வடிக்கும் நட்டுக்குப் புது வோஷர். பிறகு ஊற்றுங்கள்.

9. எஞ்சினை இயக்கி, பிரேக்கை மிதித்தபடி, பி-யிலிருந்து ஒவ்வொரு கியருக்கும் போய் இரண்டு மூன்று வினாடி நின்று திரும்பி வாருங்கள்.

10. மட்டம் பாருங்கள். டொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சூட்டில், டிப் ஸ்டிக்கின் ‘ஹொட்’ அடையாளத்தில். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்திய கையோடு. இரண்டையும் மாற்றிச் செய்தால் அளவு பிழைக்கும். டிப் ஸ்டிக் இல்லாதவற்றில், கையேடு சொல்லும் வெப்பநிலையில் (பல டொயோட்டாக்களுக்கு 40 பாகைக்கு அருகே) மட்டக் குழாயால் ஒயில் சொட்ட வேண்டும். இதற்கு, காரின் கணினியை வாசிக்கும் ஸ்கேனர் தேவை. வெப்பநிலை பார்க்காமல் “சரியா இருக்கும்” என்று மூடும் கராஜை விட்டு வந்துவிடுங்கள்.

அளவு கூடினாலும் கேடுதான். சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை அமுங்கும், ஒயில் அமுங்காது. அமுங்கும் ஒன்றால் கிளச்சை இறுக்க முடியாது. குறைந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சி, முடிவு ஒன்றாகத்தான் வரும்.

ஹைபிரிட்டில் இவ்வளவு சிக்கல் இல்லை. மேல் நட்டைத் திற, கீழ் நட்டைத் திற, வடியவிடு, கீழே மூடு, மேல் வாயால் வழியும்வரை ஊற்று. நிசான், மிட்சுபிஷி சீ.வி.ரிகள் சிலவற்றில் ஒயிலின் வயதைக் கணினி எண்ணி வைத்திருக்கும். மாற்றிய பின் ஸ்கேனரால் அதைப் பூச்சியமாக்கச் சொல்லுங்கள்.

## வெள்ளமும் உழவு இயந்திரமும்

2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்தில் நின்ற வாகனங்களில் எஞ்சினைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். கியர் பொக்சுக்கும் மூச்சு விடும் ஒரு சிறு குழாய் உண்டு. சூடான பொக்ஸ் திடீரெனக் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும், குழாய் நீரில் இருந்தால் நீரையே உறிஞ்சும். ரேடியேற்றருக்குள் இருக்கும் கூலர் வெடித்தாலும் கூலன்ட் இதே வழியில் வந்து கலக்கும். இரண்டுக்கும் அடையாளம் ஒன்று: ஒயில் பலூடா நிறத்துக்கு மாறும். அப்படிக் கண்டால் ஓட்ட வேண்டாம். கிளச்சுத் தட்டில் உராய்வுத் தாளை ஒட்டியிருக்கும் பசையை நீர் கரைக்கும். இங்கே மட்டும், பழைய ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும் கணக்கு செல்லாது. உடனே, முழுதாக, திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும்.

அடுத்தது கட்டி இழுப்பது. மாங்குளத்தில் நின்ற காரைக் கயிறு கட்டி உழவு இயந்திரத்தில் கிளிநொச்சி வரை இழுத்து வருவது நமக்குச் சாதாரணம். மனுவலுக்குச் சரி. ஓட்டோவில் ஒயில் பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் சுழன்றால், உள்ளே கியர்கள் ஒயில் இல்லாமல் சுற்றும். நியூட்ரலில் போட்டாலும் அதே கதி. முன் சக்கர இழுவைக் கார் என்றால் முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்க வேண்டும், அல்லது முழுக் காரையும் லொறியில் ஏற்ற வேண்டும். ஹைபிரிட்டில் சக்கரம் சுழன்றால் மோட்டரும் சுழன்று மின்சாரம் உண்டாகும், அது இன்னும் வில்லங்கம். வீதியின் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுவது பிழையில்லை. அதற்கு மேல் வேண்டாம்.

## வடித்ததை என்ன செய்வது?

கறையானுக்கு என்று வேலிக் கட்டைக்கும் கூரை மரத்துக்கும் கழிவு ஒயில் பூசுவது நம் ஊர்களில் பழக்கம். கிணற்றுக்குப் பக்கத்து வேலிக்கு அதைப் பூசாதீர்கள், வளவில் ஊற்றவும் வேண்டாம். மண்ணில் இறங்கியது மாரியில் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. கழிவு ஒயில் சேர்க்கும் பரல் வைத்திருக்கும் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

கொடுக்குமுன் ஒரு சிறு மருந்துப் போத்தலில் கொஞ்சம் எடுத்து, திகதியும் மீற்றர் இலக்கமும் எழுதி ஒட்டி, காரின் டாஷ்போர்டில் போடுங்கள். அடுத்த முறை வடிக்கும்போது இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், உங்கள் காருக்கு 40,000 போதுமா, 60,000 வரை போகலாமா என்று அந்த இரண்டு போத்தல்களின் நிறமே காட்டிவிடும்.